நெஞ்சறி சுட்டு

1

இக்கதை சினத்தில் பிறந்தது. அருளில் பிறந்தது என்று எழுதவே விருப்பம்; நாள்தோறும் விளக்கேற்றிப் பதிகம் ஓதுகிறவளுக்கு அதுதான் அழகு. ஆனால் ஓதிய வாயால் பொய் சொல்லலாகாது. அச்சகத்திலிருந்து பிழை திருத்த வந்த ஒரு கல்வெட்டின் நடுப்பக்கத்தைப் படித்தபோது அச்சினம் மூண்டது.

(கல்வெட்டு என்றதும் கோயில் மதிலை நினைக்கும் தமிழ்நாட்டு வாசகருக்கு ஒரு குறிப்பு. யாழ்ப்பாணத்தார் வழக்கில் அது, ஒருவர் இறந்த முப்பத்தொன்றாம் நாள் சடங்கிற்கு வந்தோர் கையில் கொடுக்கும் சிறுநூல். முகப்பில் படம். உள்ளே இறந்த திதியைச் சொல்லும் வெண்பா, குல வரலாறு, பதிகங்கள். பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், உடன்பிறந்தோர் புலம்பல் என்று உறவின் முறைப்படி பாட்டுகள். புலம்புகிறவர் எவரும் அவற்றை எழுதுவதில்லை. யாப்பு அறிந்த ஒருவர் எழுதிக் கொடுப்பார். இலண்டனில் அந்த ஒருவர் பெரும்பாலும் நான்.)

எத்தனையோ மனைவியருக்காக அழுதிருக்கிறேன். எவரும் என்னை எதிர்த்துக் கேட்டதில்லை. நல்ல எதுகை கேள்வி கேட்போரை அடக்கிவிடும்.

2

தொடக்கம் மூன்று முறை எழுதப்பட்டது.

'ஹரோவில் ஒரு போலந்துப் பெண் இருந்தாள்.'

அடித்துவிட்டேன். 'ஒரு' என்பது அவளை முன்பின் தெரியாதவர்களின் வாசலில் நிறுத்திவிடுகிறது. அவளை நான் அறிவேன்.

'அந்தப் போலந்துப் பெண் எங்கள் பள்ளிக்கூடத்தில்—'

இதையும் அடித்தேன். இந்த 'அந்த'வில் ஒரு விரல் நீள்கிறது. அவள் கணவரின் அக்காள் நாகேஸ்வரி அப்படித்தான் சொல்வார்: "அந்த வெள்ளைக்காரி."

'ஹலினா படியிறங்கி வந்தாள்.'

இது நிற்கட்டும். வாசகரே, நீங்கள் அவளை அறியீர். ஆயினும் அறிந்தவர்போல் கேளுங்கள். என் கோபத்திற்கு நீங்கள் செய்யும் முதல் உதவி அது.

சனிக்கிழமைகளில் இலண்டனின் ஹரோவில் ஒரே பள்ளிக் கட்டடத்தை இரு கூட்டத்தார் வாடகைக்கு எடுத்திருந்தோம். கீழ்த்தளத்தில் நாங்கள் தமிழும் பதிகமும் சொல்லிக்கொடுத்தோம். மேல்தளத்தில் போலந்துக்காரர் தம் பிள்ளைகளுக்குத் தம் மொழியைச் சொல்லிக்கொடுத்தார்கள். ஹலினா அங்கே இலக்கண ஆசிரியை. கணவர் ஜீவரத்தினம் யாழ்ப்பாணத்துச் சுழிபுரத்துக்காரர். ஜெர்மனியில் அகதியாக இருந்த காலத்தில் அவளைக் கண்டு, மணந்து, பின்பு இலண்டனுக்கு வந்து வீடுகளைச் சூடாக்கும் பொய்லர் திருத்தும் தொழில் செய்தவர். அவளை ஏற்றிப்போக வந்து, வான் வண்டிக்குள் இருந்து சுருதி சேராமல் பதிகம் பாடிக்கொண்டிருப்பார். ஹலினாவின் தமிழ் முழுவதும் அவரிடம் கற்றது. ஆகவே கிராகோவ் நகரத்துப் பெண் ஒருத்தி சுழிபுரத்துப் பேச்சுப் பேசுவாள்.

இரு பள்ளிகளுக்கும் பொதுவான நகல் இயந்திரம் ஒருநாள் தாளை விழுங்கிக்கொண்டு நின்றபோதுதான் நாங்கள் இலக்கணம் பேசினோம்.

"இங்கிலீசில ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் தொப்பி போட வேணும், ரீச்சர்," என்றாள். "தெரியாத ஆளுக்கு 'எ', தெரிஞ்ச ஆளுக்கு 'தி'. தொப்பி மாறினால் சிரிப்பினம். போலிஷ் மொட்டை. தமிழும் மொட்டை. என்ர மனிசனும் மொட்டை. எனக்கு அதுதான் வசதி."

"தொப்பி இல்லாட்டி எப்பிடித் தெரியும், முந்திச் சொன்ன பொம்பிளையோ, புதுசா வந்தவவோ எண்டு?"

"நிக்கிற இடத்தில தெரியும்." தாளின் பின்புறத்தில் எழுதிக் காட்டினாள். 'கோபியேத்தா வெஷ்வா.' பெண் உள்ளே வந்தாள்: நமக்குத் தெரிந்தவள், அதனால் முன்னால் நிற்கிறாள். 'வெஷ்வா கோபியேத்தா.' வந்தாள் ஒருத்தி: புதியவள், அதனால் கடைசியில் நிற்கிறாள். "எப்பவும் இப்பிடித்தான் எண்டில்லை. குரல் உயர்ந்தாலும் மாறும். முந்தி என்ன கதைச்சனீங்கள் எண்டதிலயும் இருக்கு. இன்னும் வேணுமெண்டால் 'தா கோபியேத்தா', அந்தப் பொம்பிளை. 'யாக்கஷ் கோபியேத்தா', ஆரோ ஒரு பொம்பிளை. ஆனா அதெல்லாம் கட்டாயம் இல்லை. சொல்லுறவருக்கும் கேக்கிறவருக்கும் நடுவில என்ன இருக்குதோ, அதுதான் இலக்கணம்."

பிறகு ரொட்டிக்கு, யாழ்ப்பாணத்தார் சொல்லும் பாணுக்கு, வந்தாள். 'ஹ்லெப்' வாங்கு என்றால் ரொட்டி முழுதாக வரவேண்டும். 'ஹ்லெபா' என்று வேற்றுமையை மாற்றினால் கொஞ்சம் போதும். நான் எங்கள் இரண்டாம் வேற்றுமையைச் சொன்னேன். 'ரொட்டி வாங்கு' என்றால் ஏதோ ரொட்டி. 'ரொட்டியை வாங்கு' என்றால் நாம் இருவரும் பேசி வைத்த அதே ரொட்டி.

"ஐயோ, அந்த 'ஐ'! ஜீவா கடைக்குப் போகேக்க நான் 'ஐ' போடேல்லை எண்டு பிழையான பாணோட வந்து நிப்பார். பழி என்ர இலக்கணத்தில!"

இயந்திரம் தாளைத் துப்பியது. அவள் சிரித்துக்கொண்டே மேலே போனாள். ஜீவரத்தினத்தின் பெயரை அன்று அவள் சொன்ன விதம்— [இவ்வாக்கியத்தை முடிக்க மாட்டேன். முடித்தால் புலம்பல் ஆகிவிடும்.]

3

ஜீவரத்தினம் மாரடைப்பால் இறந்தார். தகனச்சாலையில் கொள்ளி வைப்பதற்கு ஈடாகப் பொத்தானை அழுத்தியவன் அக்காள் மகன் பிரியந்தன். ஹலினாவும், பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள் கீர்த்திகாவும், பின் வரிசையில் ஜீவரத்தினத்தின் வாடிக்கையாளரான ஆங்கிலேயர் நடுவே இருந்தார்கள். தெரிந்தவர் முன்னால், புதியவர் கடைசியில். போலிஷ் இலக்கணத்தை ஹவுன்ஸ்லோவில் இருக்கும் அவர் சுற்றத்தார் எவ்வளவு பிழையறக் கற்றிருக்கிறார்கள் என்று எண்ணினேன். எண்ணியதும் நெஞ்சு கசந்தது.

பின்னொரு நாள் மாலை நாகேஸ்வரி என் வீட்டுக்கு வந்தார். இறந்தவரின் அக்காள். ஒரு பை நிறைய வாழைப்பழமும் திதி விவரமும் கொண்டுவந்தார்.

"திதி வெண்பா ஒண்டு, சகோதரி புலம்பல் ஒண்டு. அவ்வளவும் காணும், ரீச்சர். மிச்சத்தைப் பிரியந்தன் பழைய கல்வெட்டு ஒண்டைப் பாத்து அடிக்கிறானாம்."

"மனைவி புலம்பல்?"

"தேவையில்லை."

"மகள்?"

அவர் தேநீரை ஆற்றினார். அது ஏற்கெனவே ஆறியிருந்தது. "ஊரில அவன் கட்டாமலே இருந்தவன் எண்டுதான் சொல்லி வைச்சிருக்கிறம். இந்தப் புத்தகம் சுழிபுரத்துக்கும் போகும், கனடாவில ரொறன்ரோவுக்கும் போகும். ரொறன்ரோவில எங்கட மகள் டிலக்சனாவுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருக்கினம். உங்களுக்குத் தெரியாததே?"

"தெரியும். ஹலினாவையும் தெரியும்."

"அவ நல்லவ. நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆஸ்பத்திரியில என்னோட இருந்தவ. ஆனா ரீச்சர், அவ ஆரோ ஒருத்தி. எங்கட கணக்கில வரமாட்டா."

ஆரோ ஒருத்தி. யாக்கஷ் கோபியேத்தா. இத்தனை ஆண்டுகள் ஜீவரத்தினத்தின் சட்டைக் கரியைத் துவைத்தவள்.

4

ஒரு பாத்திரத்தை ஐயுற வேண்டிய இடம் இது. நாகேஸ்வரியைக் கொடியவராக ஆக்கிவிட்டேனா? முதல் வரைவில் அவருக்குத் தங்கப்பல் ஒன்று வைத்தேன். அவருக்குத் தங்கப்பல் இல்லை. எடுத்துவிட்டேன். விடைபெறும்போது வாசலில் அவர் சொன்ன ஒரு வரியையும் நீக்கினேன், பின்பு திரும்பச் சேர்த்தேன், மறுபடியும் நீக்கினேன். அது என் சினத்தைத் தணிக்கிறது. ஆனாலும் அவர் சொன்னது சொன்னதுதான்:

"தம்பி கட்டினதை எங்கட அப்பு கேட்டால் செத்துப்போவார் எண்டு அண்டைக்கு எல்லாருமாச் சேந்து சொன்ன பொய், ரீச்சர். சொன்னவை எல்லாரும் போய்ச் சேந்திட்டினம். பொய் மட்டும் என்னோட இருக்குது."

இருக்கட்டும். இதற்காக அவரை மன்னிக்கமாட்டேன். பொய்யைத் தனியே சுமந்தவர் இறக்கி வைக்க வந்த இடம் இன்னொருத்தியின் தலை.

பழைய உரைகாரர் சுட்டை மூவகையாகப் பிரிப்பர். முன்பே அறிந்த பொருளைச் சுட்டுவது பண்டறி சுட்டு. உலகம் அறிந்ததைச் சுட்டுவது உலகறி சுட்டு. வெளியே ஒரு குறியும் இல்லாமல், சொல்வோன் நெஞ்சும் கேட்போன் நெஞ்சும் அறிந்திருப்பதால் மட்டுமே விளங்குவது நெஞ்சறி சுட்டு. 'அவன்' என்று மட்டும் சொல்லி இறைவனை நினைக்கிறோமே, அது அந்த வகை. இதைப் பள்ளியில் படித்தபோது இத்தனை மென்மையான நுட்பம் வேறு மொழியில் உண்டோ என்று செருக்குற்றேன். உண்டு. போலந்து மொழியின் பெயர்ச்சொற்கள் அதை நம்பியே தொப்பியில்லாமல் நடக்கின்றன. நுட்பம் மொழியில் இருந்தும் என்ன? நாங்கள் கூட்டமாக அமர்ந்து, ஒரு பெண்ணை நெஞ்சு அறியாதது போல் நடிக்கிறோம். இலக்கணம் நெஞ்சை நம்பியது. அதுதான் அது செய்த ஒரே பிழை.

(அடிக்குறிப்பு போல: சினம் அடியவர்க்கு ஆகாது என்பார்கள். அடியவர்கள் இறைவனையே வாசலில் நின்று ஏசியிருக்கிறார்கள், கண்ணைத் தா என்று, பொருளைத் தா என்று. ஒரு பெயரைத் தா என்று நான் ஏசக்கூடாதா?)

5

நான் வெண்பாவும் சகோதரி புலம்பலும் எழுதிக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று கேட்பீர்கள். இறந்தவருக்காக. வேறு விடை இல்லை.

பிழை திருத்தத் தாள்கள் வந்தன. திதி சரி. குல வரலாற்றில் எழுத்துப்பிழை இல்லை: 'மணவாழ்வு நாடாது தொழிலே தவமாய் வாழ்ந்தவர்' என்றிருந்தது. பக்கத்தைத் திருப்பினேன்.

மனைவி புலம்பல்.

'பொட்டழிந்தேன் பூவிழந்தேன் பொன்தாலி தானிழந்தேன்' என்று தொடங்கி, 'பரமேஸ்வரி புலம்பப் பாராமற் போனீரோ, ஜீவரத்தினமே' என்று முடிந்தது.

அந்தப் பாட்டை நான் அறிவேன். நான்தான் எழுதினேன், இலண்டனின் சட்டனில் காலமான விஜயரத்தினம் என்பவரின் மனைவி பரமேஸ்வரிக்காக. உடனே பிரியந்தனைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"ஓம் ரீச்சர், விஜயரத்தினம் அங்கிளின்ர ஃபைலைத்தான் எடுத்தனான். விஜயரத்தினம் எண்டு வாற இடமெல்லாம் ஜீவரத்தினம் எண்டு கொம்ப்யூட்டர் ஒரேயடியா மாத்தித் தந்திட்டுது. சுப்பரா வந்திருக்கென்ன?"

"வாசிச்சனியோ?"

"தமிழ் எனக்கு ஸ்லோ, ரீச்சர். படங்கள் நேரா இருக்கோ எண்டு பாத்தனான்."

வாசகரே, நின்று பாருங்கள். மணமே ஆகாதவர் என்று நாட்டுக்கு அறிவித்த ஒருவருக்கு அவர் குடும்பமே அடுத்த பக்கத்தில் ஒரு மனைவியை மணமுடித்து வைத்திருக்கிறது. பொட்டும் பூவும் தாலியுமாக. உயிரோடு சட்டனில் இருக்கும் வேறொருவர் மனைவியை. இந்தப் பிழையை உலகத்தில் வேறு எந்த இனத்தார் செய்வார்கள்?

அதைவிடக் கொடிது ஒன்று: பாட்டு அங்கே கச்சிதமாகப் பொருந்தி நின்றது. ஒரு சீர் இடறவில்லை. நான் எழுதிய மனைவி எந்த வீட்டுக்கும் பொருந்துகிறவள்.

6

தாள்களை எடுத்துக்கொண்டு ஹலினாவின் வீட்டுக்குப் போனேன். பையில் நான் புதிதாக எழுதிய குறளும் இருந்தது:

'அலினா துணைவி அவள்பேர் மறைத்தால்
நிலையா தவன்பேர் நிலத்து.'

இதைத் திதி வெண்பாவின் அடியில் நுழைத்துவிடுவது என் திட்டம். அச்சகத்தார் என்னை நம்புவர்; பிரியந்தன் படங்களை மட்டும் பார்ப்பான்.

கீர்த்திகா தாளை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தாள். "பொட்... டழிந்தேன். ரீச்சர் ஆன்ட்டி, அம்மா பொட்டே வைக்கிறேல்லையே? பர... மேஸ்வரி. ஹூ இஸ் பரமேஸ்வரி?"

நான் நடந்ததைச் சொன்னேன்.

ஹலினா தாளைப் பார்த்தாள். பிறகு சுவரில் இருந்த கணவர் படத்தைப் பார்த்தாள். "ஜீவா! ஆர் இந்தப் பரமேஸ்வரி? எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே நீ!" என்று சிரித்தாள். கீர்த்திகாவும் சிரித்தாள். இருவரும் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிறகு ஹலினாவின் சிரிப்பு வேறொன்றாக மாறியது. மகள் எழுந்துபோய்த் தாயின் பின்னால் நின்று தோளைப் பிடித்தாள்.

"இவள் தாலி போட்டவளாம்," என்றாள் ஹலினா, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "நான் போடேல்லை. நான் என்ன சொல்லி அழ வேணும் எண்டு ஆரும் கேட்டவையே? அவர் சோத்துக்கு ஊறவைச்ச வெள்ளரிக்காய் தின்னுவார். மற்றவையின்ர வீடெல்லாம் சூடாக்கிப்போட்டு எங்கட ரேடியேட்டரைத் திருத்த நேரமில்லை எண்டுவார். நான் கோட்டோட படுக்கிறனான். அதை எழுதுங்கோ."

நான் குறளைக் காட்டினேன். கீர்த்திகா படிக்க, தாய் கேட்டாள்.

"என்ர 'ஹ' எங்க?"

"செய்யுளில 'ஹ' வராது. ஹரனையே அரன் எண்டுதான் பாடினவை."

"கடவுளின்ர 'ஹ'வையும் எடுத்திட்டியளோ? அப்ப சரி." தாளை மடித்து என் பக்கம் தள்ளினாள். "ஆனா ரீச்சர், இதைக் களவாப் போடாதேங்கோ."

"கேட்டால் விடமாட்டினம்."

"விடாட்டி விடட்டும். களவா உள்ளுக்குப் போனால் நான் களவாத்தான் இருப்பன். இவ்வளவு காலமும் அப்பிடித்தான் இருந்தனான். நாகேஸ்வரி அக்கா தன்ர கையால எழுதட்டும். எழுதாட்டில், பரமேஸ்வரி இருக்கட்டும். பாவம், அவவும் ஒரு மனிசி."

கீர்த்திகா குறுக்கிட்டாள். "அம்மா, நானும் அதில இல்லை. எனக்கும் சேத்து நீங்களே முடிவெடுக்கிறியள்." அவள் குரலில் இருந்த கோபம் என் கோபத்தைவிட நல்ல கோபம். அதற்கு யாப்பில்லை. "அவர் என்ர அப்பா. பட்டனைக்கூட என்னை அமத்த விடேல்லை."

தாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு போலிஷ் மொழியில் ஏதோ சொன்னாள். எனக்கு விளங்கவில்லை. விளங்கியதாக எழுதிப் பார்த்தேன், பொய்யாக இருந்தது.

7

முடிவுகள்.

(அ) நான் ஒன்றும் சொல்லாமல் தாளைத் திருப்பி அனுப்புகிறேன். பரமேஸ்வரி அச்சேறுகிறாள். சுழிபுரம் சிரிக்கிறது, ரொறன்ரோ கேள்வி கேட்கிறது, சட்டனிலிருந்து உண்மையான பரமேஸ்வரி தொலைபேசியில் வைகிறாள். இதை மூன்று பக்கம் எழுதினேன். எழுத எழுத இனித்தது. காலையில் விளக்கேற்றியபின் கிழித்தேன்.

(ஆ) மண்டபத்தில், எல்லார் முன்னிலும், நாகேஸ்வரி ஹலினாவைக் கட்டித் தழுவி— இல்லை. எவர் கண்ணையும் துடைக்க நான் கதை எழுதவில்லை.

(இ) நடந்தது. நான் ஹவுன்ஸ்லோவுக்குப் போனேன். விமானம் ஒன்று கூரைக்கு மேலே இரைந்து போகும்வரை காத்திருந்து, நாகேஸ்வரியின் முன் நடுப்பக்கத்தை வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் படித்தார்.

"ஆர் இது பரமேஸ்வரி?"

"உங்கட தம்பியின்ர மனிசி. உங்கட புத்தகம் சொல்லுது."

அவர் மகனைப் பார்த்த பார்வையில் பிரியந்தன் சுவரோடு ஒட்டினான். "ஸொறி அம்மா. மாத்தினது ஒரு பேரைத்தான்."

"எடுத்துவிடுங்கோ, ரீச்சர்."

"எடுக்கமாட்டன். பிழை திருத்தத்தான் என்னட்டைத் தந்தனீங்கள். இதில பிழை, மனைவி இருக்கிறது இல்லை. பேர்." அந்தப் புலம்பலுக்குப் பதிலாக வர வேண்டிய என் குறளை எழுதிய தாளை வைத்தேன். முதற்சீர் இருந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தேன்:

'............ துணைவி அவள்பேர் மறைத்தால்
நிலையா தவன்பேர் நிலத்து.'

"ஹலினா களவா வரமாட்டாவாம். நீங்கள் எழுதினால் வருவா. கீழ மகளின்ர பேரும் வரும். இல்லாட்டி இந்தப் பக்கம் இப்பிடியே போகும், நான் ஒரு எழுத்தும் தொடமாட்டன்."

"இது ஞாயமே, ரீச்சர்? டிலக்சனாவின்ர வாழ்க்கை."

"கீர்த்திகாவுக்கும் வாழ்க்கைதான். அவளும் உங்கட மருமகள்தான், தம்பியின்ர பிள்ளை."

நாகேஸ்வரி அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் வெறுமையான இடத்தில் விரலை வைத்து, அதன் நீளத்தை அளப்பவர்போல் நகர்த்தினார். பிறகு மகனிடம் கையை நீட்டினார். அவன் பேனாவைக் கொடுத்தான்.

நான் எழுந்துவிட்டேன். காலணியைத் தேடி மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டேன். அவர் எழுதுவதையோ எழுதாததையோ பார்த்துக்கொண்டு நிற்பது எனக்குத் தகாது என்று அன்று எண்ணினேன். கல்வெட்டு அச்சாகிவிட்டது என்பதை அறிவேன். எனக்கும் ஒரு படி தபாலில் வந்தது. உறையைப் பிரித்துவிட்டேன். முடிவையும் அறிவேன்.

உங்களுக்குச் சொல்லமாட்டேன்.

ஏனெனில் நீங்களும் அந்த முப்பத்தொன்றாம் நாள் மண்டபத்தில் இருந்தீர்கள். மரக்கறிச் சாப்பாடு நன்றாக இருந்தது என்றீர்கள், வடையைத் துடைதாளில் சுற்றி எடுத்தீர்கள், பின்வரிசையில் இருந்த தாயையும் மகளையும் ஆர் எவர் என்று கேட்காமல் கடந்து போனீர்கள். வாசலில் ஒருவர் உங்கள் கையில் அந்த நூலைக் கொடுத்தார். முகப்புப் படத்தைப் பார்த்து 'பாவம், நல்ல மனிசன்' என்று சொல்லி, காரின் பின்னிருக்கையில் போட்டீர்கள். அது இன்னும் அங்கேதான் கிடக்கிறது, உங்கள் பிள்ளையின் காற்பந்துச் சப்பாத்துக்கு அடியில். இப்போதே போய் எடுங்கள். நடுப்பக்கத்தைத் திறந்து, அங்கே இருக்கும் பெயரை வாய்விட்டுப் படியுங்கள்.